இன்னும் பிறக்காதவர்களுக்கு என்ன பங்கு?

அணு உலையில் பயன்படுத்தி முடித்த எரிபொருளில் புளூட்டோனியம்-239 இருக்கும். அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 24,100 ஆண்டுகள். அந்த உலை தரும் மின்சாரம் இரண்டு மூன்று தலைமுறைகளுக்குப் பயன்படும். கழிவைக் காக்கும் பொறுப்போ நூற்றுக்கணக்கான தலைமுறைகளுக்கு நீளும். அவர்களில் ஒருவரிடமும் நாம் சம்மதம் கேட்கவில்லை. கேட்கவும் வழியில்லை.

இப்படிப்பட்ட முடிவுகளை எடுக்கும்போது அரசுகள் பொருளியலாளர்களிடம் கணக்குக் கேட்கின்றன. ஒரு திட்டத்தால் யாருக்கு எவ்வளவு நன்மை, யாருக்கு எவ்வளவு தீங்கு, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அதைச் செய்யலாமா கூடாதா என்று ஆராய்வது நலப் பொருளியல் என்ற பிரிவின் வேலை. கணக்கு என்றதும் அதில் அறத்துக்கும் சொந்தக் கருத்துக்கும் இடமில்லை என்று தோன்றும். அது சரியல்ல. யாருடைய நலத்துக்கு எவ்வளவு எடை என்று முடிவு செய்யாமல் அந்தக் கணக்கில் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. அந்த முடிவுகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தெரிந்துவிட்டால், பொருளியல் படிக்காதவரும் இந்த விவாதத்தில் தயங்காமல் கலந்துகொள்ளலாம். கலந்துகொள்ள வேண்டும் என்றே நினைக்கிறேன்.

கூட்டிப் பார்க்கும் வழியும் அதன் சிக்கலும்

ஜெரமி பெந்தாம் 1789-இல் வெளியிட்ட நூலில் ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தார். ஒரு செயலால் எல்லோருக்கும் விளையும் இன்பத்தையும் துன்பத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மொத்த இன்பம் அதிகமானால் அது நல்ல செயல். இதைப் பயன்பாட்டுவாதம் என்கிறோம். இதில் ஓர் ஆழமான சமத்துவம் இருக்கிறது. கூட்டலில் அரசனுடைய இன்பத்துக்கும் கூலியாளுடைய இன்பத்துக்கும் ஒரே எடைதான்.

1920-இல் நலப் பொருளியலைத் தனி நூலாக எழுதிய ஆர்தர் பிகு இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். கையில் பணம் சேரச் சேர, அடுத்து வரும் பணம் தரும் நலம் குறைந்துகொண்டே போகும். ஆகவே மொத்த உற்பத்தி குறையாதவரை, செல்வரிடமிருந்து ஏழைக்குப் பணம் போனால் சமூகத்தின் மொத்த நலம் கூடும். வருமானத்துக்கேற்ப உயரும் வரிகளுக்கு இது ஒரு வலுவான வாதம்.

லயனல் ராபின்ஸ் 1932-இல் இதை மறுத்தார். ஒருவர் மனத்தின் நிறைவை இன்னொருவர் மனத்தின் நிறைவோடு ஒப்பிட எந்தக் கருவியும் இல்லை. செல்வருக்குக் குறைந்ததைவிட ஏழைக்குக் கூடியது அதிகம் என்பது அறிவியல் முடிவல்ல, ஓர் அறக் கருத்து என்றார். அந்தக் கருத்து தவறு என்று அவர் சொல்லவில்லை, அறிவியலின் பெயரால் அதைச் சொல்லாதீர்கள் என்றுதான் சொன்னார். ஆனால் அதன் விளைவு பெரிது. பொருளியலாளர்கள் பலர் பகிர்வு பற்றிப் பேசுவதையே தவிர்க்கத் தொடங்கினார்கள்.

அப்போது அவர்களுக்குக் கைகொடுத்தது இத்தாலியரான வில்ஃபிரெடோ பரேட்டோவின் அளவுகோல். எவருடைய நிலையும் மோசமாகாமல் ஒருவருடைய நிலையாவது மேம்பட்டால் அந்த மாற்றம் நல்லது. இதற்கு மேல் யாருக்கும் கெடுதல் செய்யாமல் யாரையும் மேம்படுத்த முடியாது என்ற நிலையே பரேட்டோ உகமம். இதை மறுப்பது கடினம். அதே சமயம் இது சொல்வது மிகக் குறைவு. ஒருவரிடமே எல்லாமும் குவிந்து, மற்றவர்கள் பட்டினி கிடந்தாலும் அது பரேட்டோ உகமமாக இருக்கலாம், ஏனென்றால் அவரிடமிருந்து கொஞ்சம் எடுத்தால் அவர் நிலை மோசமாகும். அப்புறம், யாருக்குமே இழப்பில்லாத அரசுத் திட்டம் என்று ஒன்று நடைமுறையில் அநேகமாகக் கிடையாது.

இந்த முட்டுக்கட்டையைத் தாண்ட 1939-இல் நிக்கலஸ் கால்டரும் ஜான் ஹிக்ஸும் ஒரு வழி சொன்னார்கள். ஒரு திட்டத்தால் ஆதாயம் பெறுபவர்கள், இழப்பவர்களுக்கு முழு இழப்பீடு கொடுத்த பிறகும் தங்கள் கையில் மிச்சம் இருக்கும் என்றால் அத்திட்டம் நல்லது. இழப்பீட்டை உண்மையிலேயே கொடுக்க வேண்டியதில்லை, கொடுக்கக்கூடிய நிலை இருந்தால் போதும். இன்று உலகெங்கும் நடக்கும் செலவு-பலன் கணக்குகளுக்குப் பின்னால் நிற்பது இந்தச் சோதனைதான்.

இங்கே சற்று நிற்போம். கொடுக்காத இழப்பீடு எப்படி ஒருவருடைய இழப்பை ஈடுகட்டும்? ஒரு அணைக்காக நிலத்தை இழந்தவரிடம், 'ஆதாயம் பெற்றவர்கள் நினைத்திருந்தால் உங்களுக்கு ஈடு கொடுத்திருக்க முடியும்' என்று சொல்வதில் என்ன ஆறுதல் இருக்கிறது? தர்க்கத்திலும் ஓட்டை இருந்தது. 'அ' நிலையிலிருந்து 'ஆ' நிலைக்குப் போவது இந்தச் சோதனையில் தேறுகிறது, திரும்பி வருவதும் தேறுகிறது என்ற நிலை ஏற்படலாம் என்று டிபோர் சிட்டோவ்ஸ்கி 1941-இல் காட்டினார். இதில் அறமும் மறைந்திருக்கிறது. நன்மையையும் தீமையையும் பணத்தில் அளக்கும்போது, அதிகம் கொடுக்க முடிந்தவரின் விருப்பம் அதிக எடை பெறுகிறது. நடுநிலை போலத் தோன்றும் சோதனை, செல்வத்தின் இன்றைய பகிர்வை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. நடக்காத இந்த இழப்பீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தலைமுறைகளைப் பற்றிப் பேசும்போது இது மறுபடியும் வரும்.

அறத்தை வெளிப்படையாகச் சொல்வது

இதைவிட நேர்மையான பாதையை 1938-இல் ஆப்ரம் பெர்க்சன் திறந்தார், பால் சாமுவெல்சன் பிறகு விரித்தார். எந்த நிலை மேலானது என்று தீர்மானிக்கும் அற விதியை முதலிலேயே எழுதி வைப்போம். பிறகு அதன் விளைவுகளைக் கணக்கிடுவோம் என்பது அந்தப் பாதை. அந்த விதிக்குச் சமூக நலச் சார்பு என்று பெயர். அந்த விதியை மக்களின் விருப்ப வரிசைகளிலிருந்தே உருவாக்கிக்கொள்ளலாமே என்ற எண்ணத்துக்கு 1951-இல் கென்னத் ஆரோ ஒரு தடை எழுப்பினார். மிகச் சாதாரணமாகத் தோன்றும் சில நிபந்தனைகளை ஒரே நேரத்தில் நிறைவேற்றும் விதி எதுவும் இல்லை என்று நிறுவினார். அமார்த்திய சென் 1970 வாக்கில் இதற்குக் காரணம் தகவல் பஞ்சம் என்று காட்டினார். ஒருவர் நலத்தை இன்னொருவர் நலத்தோடு ஒப்பிடவே கூடாது என்று கண்ணைக் கட்டிக்கொண்டால் நியாயம் பற்றி எதுவும் பேச முடியாது. ஒப்பிடுவதை அனுமதித்தால் பேச வழி பிறக்கிறது.

சரி, ஒப்பிட அனுமதித்த பிறகு எந்த விதி? ஒரு சிறிய உதாரணம். முதல் சமூகத்தில் 100 பேர், ஒவ்வொருவர் நலமும் 50. இரண்டாவது சமூகத்தில் 90 பேருடைய நலம் 70, மீதி 10 பேருடைய நலம் வெறும் 5. சராசரி 63.5. நீங்கள் யாராகப் பிறப்பீர்கள் என்று தெரியாத நிலையில் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? ஜான் ஹர்சானி 1950-களில் இந்த அறியாமையை ஒரு குலுக்கலாகப் பார்த்தார். யாராகவும் பிறக்கச் சமவாய்ப்பு இருப்பதால் சராசரி அதிகமுள்ள இரண்டாவது சமூகமே சரி என்பது அவர் விடை. ஜான் ரால்ஸ் 1971-இல் அதே அறியாமைத் திரையை வைத்து எதிர்முடிவுக்கு வந்தார். அவருடைய கேள்வி வருமானம், வாய்ப்பு போன்ற அடிப்படைப் பொருள்கள் எப்படிப் பகிரப்படுகின்றன என்பது. அதில் மிகக் கீழே இருப்பவரின் நிலையை முடிந்தவரை உயர்த்த வேண்டும் என்றார். அந்த வழியில் பார்த்தால் முதல் சமூகம்தான் மேல். ஒரே எண்கள், ஒரே திரை, இரண்டு விடைகள். வேறுபாடு கணிதத்தில் இல்லை. கடைசி 10 பேருக்கு எவ்வளவு எடை என்பதில்தான் இருக்கிறது.

'நலம்' என்று எதை அளப்பது என்பதும் ஒரு தீர்ப்பே. நெடுநாள் வறுமையில் இருப்பவர் கிடைப்பதில் மனநிறைவு கொள்ளப் பழகிவிடுவார். அவருடைய நிறைவை மட்டும் அளந்தால் அவர் வறுமை கணக்கில் தெரியாது. அதனால்தான் சென், ஒருவரால் உண்மையில் என்னவாக இருக்க முடிகிறது, என்ன செய்ய முடிகிறது என்ற இயலுமையை அளக்கச் சொன்னார்.

நடுவே காலம் வரும்போது

இதுவரை பார்த்ததெல்லாம் ஒரே காலத்தில் வாழ்பவர்களிடையே உள்ள நியாயம். தலைமுறைகளுக்கு இடையிலான நியாயத்தில் சிக்கல் கூடுகிறது. எதிர்காலத்தவருக்கு வாக்கு இல்லை. சந்தையில் விலை சொல்லவும் அவர்கள் இல்லை. அதிகாரம் ஒரே திசையில் ஓடுகிறது: நாம் அவர்கள் வாழ்க்கையைக் கெடுக்கலாம், அவர்கள் நம்மைத் தொடவே முடியாது. பண்டமாற்றும் ஒப்பந்தமும் பேரமும் இங்கே உதவாது. அறம் மட்டுமே மிச்சம்.

இந்த அறம் கணக்கில் ஒரே ஓர் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் தள்ளுபடி வீதம். எதிர்காலத்தில் கிடைக்கும் நன்மையை இன்றைய மதிப்புக்கு மாற்ற, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் குறைக்கிறோம் என்பதே அது. கூட்டுவட்டியைத் தலைகீழாகப் போடுவதுதான் வேலை, ஆனால் நீண்ட காலத்தில் அதன் விளைவு மலைக்க வைக்கும். 100 ஆண்டு கழித்து 1,000 கோடி மதிப்புள்ள ஓர் அழிவு வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். வீதம் 1.4 சதவீதம் என்றால் அதைத் தடுக்க இன்று ஏறத்தாழ 249 கோடிவரை செலவிடலாம். வீதம் 5.5 சதவீதம் என்றால் 4.7 கோடிக்கு மேல் செலவிடுவது வீண். ஐம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இந்த இரண்டு வீதங்களும் நான் கற்பனையாக எடுத்தவை அல்ல. காலநிலை மாற்றம் பற்றி நிக்கலஸ் ஸ்டெர்ன் 2006-இல் பிரிட்டன் அரசுக்கு அளித்த அறிக்கையின் வீதம் 1.4-ஐ ஒட்டியது. அதை விமர்சித்த வில்லியம் நார்ட்ஹவுஸ் பயன்படுத்தியது ஏறத்தாழ 5.5. புவி வெப்பமாகிறது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. உடனே பெருமளவில் செயல்பட வேண்டும் என்றார் ஸ்டெர்ன். மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக இறுக்கலாம் என்றார் நார்ட்ஹவுஸ். அந்த இடைவெளியின் பெரும்பகுதி இந்த ஓர் எண்ணிலிருந்து வந்தது.

அந்த எண் எப்படி உருவாகிறது என்பதை ஃபிராங்க் ராம்சே 1928-இல் எழுதிய கட்டுரையிலிருந்து புரிந்துகொள்ளலாம். 26 வயதிலேயே இறந்துபோன மேதை அவர். அவர் வழியில் வந்த விதியின்படி தள்ளுபடி வீதத்துக்கு இரண்டு பாகங்கள் உண்டு. முதலாவது, காலம் தள்ளியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருடைய நலத்துக்கு எடையைக் குறைப்பது. இதைத் தூய காலத் தள்ளுபடி என்போம். இரண்டாவது, எதிர்காலத்தவர் நம்மைவிடச் செல்வராக இருப்பார்கள் என்பதால் அவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் பொருளுக்கு எடையைக் குறைப்பது. இதில் இரண்டு எண்கள் பெருக்கப்படுகின்றன: நுகர்வு ஆண்டுக்கு எவ்வளவு வளரும் என்பது ஒன்று, ஏற்றத்தாழ்வை நாம் எவ்வளவு வெறுக்கிறோம் என்பது மற்றொன்று. ஸ்டெர்னுக்குத் தூய காலத் தள்ளுபடி 0.1, ஏற்றத்தாழ்வை வெறுக்கும் எண் 1, வளர்ச்சி 1.3: 0.1-உடன் 1 பெருக்கல் 1.3-ஐக் கூட்டினால் 1.4. நார்ட்ஹவுஸுக்கு அதே வரிசையில் 1.5, 2, ஏறத்தாழ 2: 1.5-உடன் 2 பெருக்கல் 2-ஐக் கூட்டினால் 5.5.

இந்த இரண்டு பாகங்களையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த விஷயத்தில் மிக முக்கியமானது. முதல் பாகம் மனிதர்களைத் தள்ளுபடி செய்கிறது. இரண்டாவது பாகம் பொருள்களைத் தள்ளுபடி செய்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

மனிதர்களைத் தள்ளுபடி செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். தூய காலத் தள்ளுபடி ஆண்டுக்கு 3 சதவீதம் என்றால், 200 ஆண்டு கழித்து வாழப்போகும் 369 பேரின் துன்பம் இன்றைய ஒருவரின் துன்பத்துக்குச் சமம். 1.5 சதவீதம் என்றாலும், 100 ஆண்டு கழித்து வாழ்பவருக்குக் கால் பங்குகூட எடை இல்லை. பிறந்த ஊரையோ நிறத்தையோ காரணம் காட்டி ஒருவருக்கு எடை குறைப்பதை நாம் ஏற்பதில்லை. பிறந்த ஆண்டைக் காரணம் காட்டுவதை மட்டும் ஏன் ஏற்க வேண்டும்? ஹென்றி சிட்ஜ்விக் 1874-லேயே இதைக் கேட்டுவிட்டார். தூரத்தில் உள்ள இன்பம் சிறிதாகத் தெரிவது நம் தொலைநோக்கியின் பழுது என்றார் பிகு. கற்பனையின் பலவீனத்தால் வருவது, அறத்தில் நியாயப்படுத்த முடியாதது என்றார் ராம்சே. ராய் ஹாரட் 1948-இல் இன்னும் கடுமையாக, இதைப் பேராசைக்கு இடப்பட்ட நாகரிகப் பெயர் என்றார். இவர்கள் பக்கம்தான் நானும் நிற்கிறேன். ஒருவர் தன் சொந்த நாளைய நலத்தைவிட இன்றைய நலத்தை விரும்பலாம், அது அவர் பாடு. ஒரு தலைமுறை தன் அவசரத்துக்கு இன்னொரு தலைமுறையை விலையாக வைப்பது அந்த உரிமையில் அடங்காது.

தூய தள்ளுபடிக்கு நியாயமான காரணம் ஒன்றே ஒன்று எனக்குத் தெரிகிறது: அந்த மனிதர்கள் இருக்கவே மாட்டார்கள் என்ற சாத்தியம். பெரும் பேரழிவில் மனித இனமே அழிந்துவிடலாம். ஸ்டெர்ன் வைத்த 0.1 சதவீதம் இதற்காகத்தான். 100 ஆண்டுக்குள் அழிந்துபோகும் வாய்ப்பு ஏறத்தாழ 9.5 சதவீதம் என்பது அதன் பொருள். இதுவே சற்று அதிகம் என்று சொல்பவர்களும் உண்டு.

நார்ட்ஹவுஸின் வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் எதிர்காலத்தவரை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. சந்தையில் முதலீடுகள் நல்ல வருவாய் தருகின்றன. குறைந்த வருவாய் தரும் திட்டத்தில் பணத்தைப் போடுவதைவிட அதிக வருவாய் தரும் வழிகளில் போட்டால் வருங்காலத் தலைமுறைக்கு அதிகச் செல்வத்தைக் கொடுத்துப் போகலாமே என்பது இந்த வாதத்தின் சாரம். வலுவான வாதம்தான். ஆனால் அந்த மாற்று முதலீட்டை உண்மையிலேயே செய்து, வந்த வருவாயை இடையில் தொடாமல் சேர்த்துக் கொடுத்தால் மட்டுமே இது பொருந்தும். மிச்சமான பணத்தை நாமே செலவழித்துவிட்டால்? கால்டர், ஹிக்ஸ் சோதனையில் பார்த்த, கொடுக்காத இழப்பீடு இங்கே மறுபடியும் வந்து நிற்கிறது. இந்த முறை இழப்பவர் வந்து கேட்கவும் முடியாது. சந்தை வட்டி வீதம் என்பதும் இன்று வாழ்பவர்களின் விருப்பங்களால் உருவானது. அதில் பிறக்காதவர்களின் விருப்பம் துளியும் கலக்கவில்லை.

தூய தள்ளுபடியைப் பூஜ்யமாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. ராம்சேயின் கணக்கே, எவரும் வழக்கமாகச் சிபாரிசு செய்வதைவிட மிக அதிகமான சேமிப்பைக் கேட்டது. முடிவில்லாத தலைமுறைகளின் நலத்துக்கு முன் இன்றைய தலைமுறை எவ்வளவு தியாகம் செய்தாலும் போதாது என்று ஆகிவிடும். கணிதத்திலும் சுவர் இருக்கிறது. முடிவிலி நீளும் தலைமுறைகளை வரிசைப்படுத்தும்போது, எல்லாத் தலைமுறைகளையும் சமமாக நடத்துவதும் எவர் நலம் கூடினாலும் அதை மதிப்பதும் ஒவ்வொரு தலைமுறை வரிசைக்கும் ஓர் எண் கொடுத்து மதிப்பிடும் எந்த முறையிலும் ஒன்றாக நிற்கவே முடியாது என்று கௌசிக் பாசுவும் தபன் மித்ராவும் 2003-இல் நிறுவினார்கள். ட்யாலிங் கூப்மன்ஸ் 1960-லும் பீட்டர் டயமண்ட் 1965-லும் இந்தச் சுவரின் பகுதிகளை ஏற்கெனவே கண்டிருந்தார்கள்.

முடிவிலியை விட்டுவிட்டு நடைமுறைக்கு வந்தால், மிதமிஞ்சிய தியாகத்துக்கு மருந்து இரண்டாவது பாகத்தில் இருக்கிறது. எதிர்காலத்தவர் உண்மையிலேயே நம்மைவிடச் செல்வராக இருக்கப் போகிறார்கள் என்றால், ஏழையான நாம் செல்வரான அவர்களுக்காக வயிற்றைக் கட்ட வேண்டியதில்லை. ஏற்றத்தாழ்வை வெறுக்கும் எண் இதைத்தான் சொல்கிறது. அந்த எண் 1 என்றால், பத்து மடங்கு வசதியுள்ளவருக்குக் கிடைக்கும் ஒரு நாணயத்தின் எடை பத்தில் ஒரு பங்கு. 2 என்றால் நூறில் ஒரு பங்கு.

பலர் இங்கே ஒரு கடமையைக் கவனிக்காமல் போகிறார்கள். இந்த எண் காலத்துக்கு மட்டும் உரியதல்ல. எதிர்காலத்தவர் செல்வர் என்பதால் அவர்கள் இழப்புக்கு நூறில் ஒரு பங்கு எடை போதும் என்று சொல்பவர், இன்று தன்னைவிடப் பத்தில் ஒரு பங்கு வசதியோடு வாழும் ஒருவருக்குக் கிடைக்கும் நாணயத்துக்கு நூறு மடங்கு எடை தர வேண்டும். இன்றைய ஏழைக்கு எதுவும் தராமல், எதிர்காலத்தவருக்குச் செய்ய வேண்டியதைத் தவிர்க்க மட்டும் அந்த எண்ணைப் பயன்படுத்துவது முரண். அதே விதி எதிர்த்திசையிலும் வேலை செய்யும். ஏதோ ஒரு பகுதியின் மக்கள் நம்மைவிட ஏழைகளாகப் போகிறார்கள், அவர்கள் நுகர்வு ஆண்டுக்கு 1 சதவீதம் சுருங்கும் என்று வைத்துக்கொண்டால், தூய தள்ளுபடி 0.1, ஏற்றத்தாழ்வை வெறுக்கும் எண் 2 என்ற கணக்கில், 0.1-உடன் 2 பெருக்கல் கழித்தல் 1-ஐக் கூட்ட வேண்டும். வீதம் கழித்தல் 1.9 சதவீதம். அவர்களுடைய இழப்பை இன்றைய மதிப்பைவிட அதிகமாகவே எண்ண வேண்டும்.

எந்த வீதம் என்று உறுதியாகத் தெரியாதபோது என்ன செய்வது? சராசரி எடுக்கலாம் என்று தோன்றும். மார்ட்டின் வைட்ஸ்மன் 1998-இல் வேறு விடை தந்தார். வீதம் 1 சதவீதமாகவோ 5 சதவீதமாகவோ இருக்கச் சமவாய்ப்பு என்போம். 200 ஆண்டு கழித்து வரும் 1,000-இன் இன்றைய மதிப்பு, 1 சதவீதத்தில் ஏறத்தாழ 137. 5 சதவீதத்தில் 0.06. இரண்டின் சராசரி 68-க்குச் சற்று மேல். அது ஏறத்தாழ 1.35 சதவீத வீதத்துக்குச் சமம், 3 சதவீதத்துக்கு அல்ல. காலம் நீள நீள, சாத்தியமான வீதங்களில் மிகக் குறைந்ததே ஆட்சி செய்யும். பிரிட்டன் அரசு 2003 முதல் தன் திட்ட மதிப்பீடுகளில் காலத்தோடு இறங்கும் வீதத்தைக் கடைப்பிடிக்கிறது: முதல் 30 ஆண்டுக்கு 3.5 சதவீதத்தில் தொடங்கி, 300 ஆண்டைத் தாண்டினால் 1 சதவீதம்.

எதை விட்டுச் செல்வது

1987-இல் ஐ.நா. சார்பில் அமைந்த புருண்ட்லாண்ட் ஆணையம் நீடித்த வளர்ச்சிக்கு ஒரு வரையறை கொடுத்தது: எதிர்காலத் தலைமுறைகள் தங்கள் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் திறனைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றுவது. இதற்கு ராபர்ட் சோலோ தந்த விளக்கம், குறிப்பிட்ட எந்தப் பொருளையும் அப்படியே விட்டுச் செல்ல வேண்டியதில்லை, நம்மைப் போல் வாழும் பொதுவான திறனை விட்டுச் சென்றால் போதும் என்பது. ஜான் ஹார்ட்விக் 1977-இல் அதற்கு ஒரு விதி சொன்னார். தீர்ந்துபோகும் வளத்தை எடுத்து விற்பதில் வரும் உபரியை முழுவதும் இயந்திரம், கட்டுமானம் போன்ற மூலதனமாக மாற்றிவிட்டால், சில நிபந்தனைகளின் கீழ், நுகர்வு குறையாமல் என்றும் நீடிக்கும்.

நார்வே இந்த எண்ணத்துக்கு நெருக்கமாக வந்த நாடு. எண்ணெய் வருவாய்க்காக 1990-இல் சட்டம் இயற்றி நிதியம் அமைத்தது, 1996-இல் முதல் தொகையைப் போட்டது. 2001 முதல், நிதியத்தின் எதிர்பார்க்கப்படும் வருவாயான 4 சதவீத அளவே அரசு செலவிடலாம் என்று வழிகாட்டு விதி வைத்து, 2017-இல் அதை 3 ஆக்கியது. எதிர்ப்பக்கத்தில் பசிபிக் கடலின் சிறு நாடான நவுரு தீவு. அதன் பாஸ்பேட் படிவு ஏறத்தாழ முழுவதும் வெட்டியெடுக்கப்பட்டது. தீவின் நடுப்பகுதி பயிரிட முடியாத பாறைமுனைகளாயிற்று. எதிர்காலத்துக்கென்று சேர்த்த நிதியோ தவறான முதலீடுகளிலும் செலவிலும் கரைந்தது.

ஆனால் எல்லா இழப்பையும் பணமாக மாற்றி ஈடுகட்ட முடியாது. அழிந்த உயிரினத்தை எந்த நிதியமும் மீட்டுத் தராது. உருகிய பனிப்பாறையும் அப்படித்தான், அதன் நீரை நம்பியிருந்த ஆறுகளும் அப்படித்தான். ஈடுசெய்யக்கூடிய இழப்புகளைத் தள்ளுபடிக் கணக்கில் வைக்கலாம். ஈடுசெய்ய முடியாதவற்றை அதிலிருந்து வெளியே எடுத்து, தாண்டக்கூடாத எல்லைகளாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. ரால்ஸின் சேமிப்பு விதியும் இதற்கு அருகில் வருகிறது. ஒவ்வொரு தலைமுறையும் நியாயமான நிறுவனங்களைக் கட்டிக் காக்கத் தேவையான அளவு சேமிக்க வேண்டும்; அது உறுதியான பிறகு முடிவில்லாமல் செல்வத்தைக் குவிக்கக் கடமை இல்லை.

இதில் இன்னொரு புதிர் உண்டு, என்னை மிகவும் யோசிக்க வைத்த புதிர். டெரெக் பார்ஃபிட் 1984-இல் விரிவாக எழுதியது. ஒரு பெரிய கொள்கை மாறினால், யார் யாரைச் சந்திக்கிறார்கள், எப்போது குழந்தை பெறுகிறார்கள் என்பதெல்லாம் மாறும். 150 ஆண்டு கழித்து வாழப்போகிறவர்கள் வேறு மனிதர்களாகவே இருப்பார்கள். வளத்தை அழிக்கும் கொள்கையை நாம் தேர்ந்தெடுத்தால், அன்று துன்பப்படுபவர் 'நீங்கள் எனக்குத் தீங்கு செய்தீர்கள்' என்று சொல்ல முடியாது, நாம் வேறுவிதமாக நடந்திருந்தால் அவர் பிறந்தே இருக்க மாட்டார். எவர் நிலையும் மோசமாகவில்லை! பரேட்டோ அளவுகோல் இங்கே வாயடைத்து நிற்கிறது, ஏனென்றால் அது ஒரே ஆளின் இரண்டு நிலைகளை ஒப்பிடுவதை நம்பியிருக்கிறது. ஆகவே தவறே இல்லை என்று பார்ஃபிட் முடிக்கவில்லை. குறிப்பிட்ட ஆளுக்குத் தீங்கு என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எதிர்காலத்தைப் பற்றி அறம் பேச முடியாது, அன்று வாழ்பவர் யாராக இருந்தாலும் அவர் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்பதே அதிலிருந்து கிடைப்பது.

அவர்களுக்காக யார் பேசுவது

1993-இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றத்தில், மரம் வெட்டும் உரிமங்களை ரத்து செய்யக் கோரிக் குழந்தைகள் தங்கள் பெற்றோர் மூலம் வழக்காடினார்கள். தங்களுக்காக மட்டுமல்ல, இன்னும் பிறக்காத தலைமுறைகளுக்காகவும் வழக்காட அவர்களுக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வேல்ஸ் 2015-இல் எதிர்காலத் தலைமுறைகளின் நலத்துக்கென்று சட்டம் இயற்றி, அதைக் கவனிக்க ஓர் ஆணையரையும் நியமித்தது.

2021-இல் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் எடுத்த வழி எனக்கு மிகத் தெளிவானதாகப் படுகிறது. அந்நாட்டின் காலநிலைச் சட்டம் 2030 வரை பசுங்குடில் வாயு உமிழ்வில் மிதமான குறைப்புகளையே கேட்டது. அதற்குப் பிறகு என்ன என்று போதுமான அளவு சொல்லவில்லை. இனி வெளியிட மிச்சமிருக்கும் கார்பன் அளவில் பெரும்பகுதியை 2030-க்குள் தீர்த்துவிட்டால், பின்னால் வருபவர்கள் தங்கள் வாழ்க்கையின் ஏறக்குறைய எல்லாச் சுதந்திரங்களையும் கடுமையாகச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்; அந்தச் சுமையை இப்படி ஒருதலைப்பட்சமாகத் தள்ளிவிடக் கூடாது என்றது தீர்ப்பு. அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2030-க்கான குறைப்பு இலக்கு 55 சதவீதத்திலிருந்து 65 ஆயிற்று; நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்கும் ஆண்டு 2050-லிருந்து 2045-க்கு முன்னால் வந்தது.